செம்பின் பிறந்தகம்

பரணிலிருந்து பாட்டி காலத்துத் தாமிரச் செம்பை இறக்குகிறீர்கள். இடுக்கெல்லாம் பச்சைக் களிம்பு. "சனியன்!" என்று முணுமுணுத்துக்கொண்டே புளியைத் தேடுகிறீர்கள், அல்லவா? ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்தப் பச்சை உங்கள் செம்புக்குப் பிறந்தகத்துச் சாயல்!

மத்தியப் பிரதேசத்தில், பாலாகாட் ஜில்லாவில், மலாஞ்ச்கண்ட் என்று ஓர் இடம். நம் நாட்டின் பெரிய தாமிரச் சுரங்கங்களுள் ஒன்று அங்கே 1982-ல் தொடங்கியது. கோயில் குளத்துப் படிக்கட்டு போல மலையைப் படிப்படியாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள். படியின்மேல் லாரி போகும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன், பூமிக்குள்ளிருந்த வெந்நீர் கருங்கல்லின் வெடிப்புகளில் புகுந்து, தான் கரைத்துக்கொண்டு வந்ததையெல்லாம் அங்கே படியவிட்டது. வெள்ளை வெளேரென்ற வெங்கச்சங்கல்லும், அதனூடே பித்தளை மாதிரி மின்னும் சால்கோபைரைட்டும் அப்படி வந்தவை. தாமிரம், இரும்பு, கந்தகம் மூன்றும் கூடிய கனிமம் அது. பார்த்தால் தங்கமென்றே ஏமாந்துபோவீர்கள்.

மேல்பக்கத்துக் கதை வேறு. மழையும் காற்றும் பட்டுப் பட்டு, அங்கிருந்த தாமிரம் உருமாறிற்று. கொஞ்சம், பச்சை மாலகைட்டாகப் பாறையில் அப்பிக்கொண்டது. கொஞ்சம், தண்ணீரோடு கசிந்து இறங்கி, கீழே கறுத்த சால்கோசைட்டாக மறுபடி படிந்தது. இதில் ஐந்தில் நாலு பங்கு தாமிரம்! அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் காசு சேர்ப்பவர்களுக்கு இந்த வித்தை புரியும்.

ஈரமும் காற்றும் சேர்ந்து உங்கள் செம்பில் உண்டாக்கும் பச்சையும் பெரும்பாலும் அந்த மாலகைட் வகைதான்.

உறவு தெரிந்துவிட்டதே என்று அதை விட்டுவைக்காதீர்கள். களிம்பு உள்ளே போனால் வாந்தி, வயிற்றுவலி. புளி களிம்பைக் கரைப்பதால்தான் செம்பு பளிச்சென்று ஆகிறது. அதே காரணத்தால் ரசமோ மோரோ எலுமிச்சை ரசமோ தாமிரத்தில் வைக்கவே கூடாது. ஈயம் பூசிய பாத்திரமானாலும், பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று பழைய பாத்திரக்காரரைக் கூப்பிடப் போகிறீர்களா? அதற்கு முன் ஒரு கணக்கு. மலாஞ்ச்கண்ட் கல்லில் தாமிரம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்குதான். கல்லைப் பொடியாக்கி, தண்ணீரில் நுரை பொங்கவைத்து, நுரையோடு ஒட்டி வரும் கனிமத்தை வழித்தெடுத்து, பிறகு உருக்க வேண்டும். ஒரு கிலோ செம்புக்கு நூறு கிலோ கல்! அவர் நீட்டும் பிளாஸ்டிக் வாளியை இப்போது ஒருமுறை பாருங்கள்.