தூக்கு மேடையில் தலைவிதியா?

கொலைகாரனுக்கு நாம் பரிந்து பேசுவதாகச் சிலர் கூச்சல் போடக்கூடும். நமக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. கொலை செய்தவனைத் தண்டிக்கவேண்டியதுதான். ஆனால் சர்க்கார் ஒரு மனிதனின் உயிரை எடுப்பதென்றால், என்ன காரணத்திற்காக எடுக்கிறது, அந்தக் காரணம் எல்லோர் விஷயத்திலும் ஒன்றுபோல் பார்க்கப்படுகிறதா என்று கேட்க ஒவ்வொரு மனிதனுக்கும் பாத்தியதை உண்டு என்பதே நமது அபிப்பிராயமாகும்.

மனுதர்ம காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மற்ற ஜாதியானுக்கு உயிர் போகக்கூடிய குற்றத்திற்குப் பார்ப்பானுக்குத் தலையை மொட்டையடித்தால் போதும் என்று அது எழுதிவைத்தது. அதாவது தண்டனையைக் கூட்டுவதும் குறைப்பதும் பிறவியாகவே இருந்தது. 1950-ல் வந்த அரசியல் சட்டமோ, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. சந்தோஷந்தான். ஆனால் காரியத்தில் நடப்பதென்ன?

தூக்குத் தண்டனை விதித்தால் அதற்கு விசேஷக் காரணம் எழுதவேண்டுமென்று 1973-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம் விதித்தது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு என்றும், குற்றத்தோடு குற்றவாளியின் நிலைமையையும் பார்க்கவேண்டும் என்றும் தீர்ப்புக் கூறியது. தண்டனையைக் கடுமையாக்கும் காரணங்கள் ஒரு தட்டில், குறைக்கும் காரணங்கள் மறு தட்டில். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கடுமையாக்கும் காரணங்கள் என்பவை யாவை? "மிகக் கொடூரமானது", "ஈனத்தனமானது" என்பவை போன்றவைதானே! கொடூரமில்லாத கொலை எது என்று கேட்கிறோம். எல்லாக் கொலைக்கும் பொருந்தும் வார்த்தையைக்கொண்டு சில கொலைகளை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுப்பது? இது போதாதென்று, 1983-ல் மாச்சி சிங் வழக்கில் "சமூகத்தின் கூட்டு மனச்சாட்சி" என்ற ஒன்றும் வந்து சேர்ந்தது. இந்த மனச்சாட்சியை யார் கண்டார்கள்? யார் விசாரித்தார்கள்? கடவுளின் சித்தம் பூசாரிக்கு மட்டுமே தெரியும் என்பதற்கும், சமூகத்தின் மனச்சாட்சி ஜட்ஜுக்கு மட்டுமே தெரியும் என்பதற்கும் என்ன வித்தியாசம்?

இதன் பலனை ஒரு வழக்கில் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தில் 4 பேரைக் கொன்றதாக மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. மூவர் பங்கும் ஒன்றே, கொடூரமும் ஒன்றே. ஆனால் மூவர் அப்பீலும் வெவ்வேறு ஜட்ஜுகள் முன் போயின. ஒருவர் அப்பீல் 1976-ல் தள்ளப்பட்டு, அவர் 1981 அக்டோபர் 6-ந் தேதி தூக்கிலிடப்பட்டார். இன்னொருவருக்கு 1977-ல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மூன்றாமவரும் அதே நாளில் தொங்கியிருக்கவேண்டியவர், மனுப்போட்டுத் தப்பினார். 1982-ல் கோர்ட்டே அவர் தண்டனையைக் குறைக்கும்படி ஜனாதிபதிக்குச் சிபாரிசு செய்தது. முதலாமவர் செத்தது எதனாலே? தலைவிதி என்பார் வைதிகர். வேறு ஜட்ஜுகள் முன் போனதால் என்கிறோம் நாம்.

மற்றொன்று. குற்றத்தை மட்டும் பார்த்து, குற்றவாளியின் நிலைமையைப் பாராமல் தூக்கை உறுதிசெய்த தன் பழைய தீர்ப்பொன்று தவறானது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த மனிதர் 1996-லேயே தூக்கிலிடப்பட்டுவிட்டார். தவறான தீர்ப்பைத் திருத்தலாம். போன உயிரைத் திருப்ப எந்தக் கோர்ட்டால் முடியும்?

இந்தத் தராசில் ஏறுகிறவர்கள் யார்? தூக்குத் தண்டனைக் கைதிகளைப்பற்றி 2016-ல் டில்லி தேசீயச் சட்டப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களில் நூற்றுக்கு 74 பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நல்ல வக்கீல் வைக்கப் பணமில்லாதவனுக்கு, குறைக்கும் காரணங்களை எடுத்துச்சொல்ல நாதியேது? அவன் தட்டு காலியாகவே கிடக்கும்.

ஆகவே நாம் சொல்லுவதென்னவென்றால், கடுமையாக்கும் காரணம் என்று சர்க்கார் வக்கீல் எதைச் சொன்னாலும், அதைச் சாட்சியத்தோடு ருசுப்பிக்கச் சொல்லவேண்டும். மற்றக் கொலைகளிலிருந்து இது எப்படி வேறென்று கேட்கவேண்டும். குற்றவாளியின் வாழ்க்கை, மனநிலை, சிறை நடத்தை ஆகியவற்றை விசாரணைக் கோர்ட்டிலேயே திரட்டவேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு இட்ட கட்டளை ஒவ்வொரு ஜில்லாவிலும் நடக்கிறதா என்று பார்க்கவேண்டும். பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாகத் தூக்கையே எடுத்துவிடலாம் என்று 2015-ல் சட்டக் கமிஷன் சிபாரிசு செய்தது. விதிவிலக்கும் வேண்டாம் என்பது நம் கட்சி.

தோழர்களே! இன்னொரு கொலைச் செய்தி வரும்போது, "தூக்கில் போடு" என்று கத்துமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். கொலையுண்டவர் குடும்பத்தின் துக்கத்தை நாம் மறுக்கவில்லை. அந்தத் துக்கத்திற்கு ஜட்ஜின் மனப்போக்கைப் பொறுத்த ஒரு கயிறு பரிகாரமாகாது.