பாண் துண்டும் தந்திச் செய்தியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, அயல்வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி இரண்டு பத்திரிகைகளை மடித்துக் கையிலே பிடித்தவண்ணம் எமது வீட்டு விறாந்தையில் வந்து நின்றாள். உயர்தர வகுப்பிற் படிப்பவள். கேள்வி கேட்கத் தொடங்கினால் இலகுவில் விடமாட்டாள். அவளுடைய தகப்பனார் தாம் வழக்கமாக வாசிக்கும் பத்திரிகையை விட்டு மற்றொன்றைத் தொடமாட்டார். பெரியதகப்பனாரோ அந்தப் பத்திரிகை வீட்டுக்குள் வருவதையே விரும்பாதவர். தமையன் இரண்டையும் எள்ளி நகையாடி, கைத்தொலைபேசியில் வருவதே செய்தி என்பான். சாப்பாட்டு வேளைதோறும் மூவருக்குமிடையே நிகழும் சொற்போரைக் கேட்டுச் சலித்துப்போனாள் போலும்.

"இதிலே உண்மை சொல்லுறது எது, மாமா? ஒன்றின் பெயரைச் சொல்லுங்கோ. நான் அதை மட்டும் வாசிக்கிறன்" என்றாள்.

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடக் கூடுமாயின் எத்துணை இலகுவாயிருக்கும்! அவ்வாறு சொல்ல எமக்கு நா எழவில்லை. "இரு பிள்ளை" என்று கதிரையைக் காட்டி, பெயருக்குப் பதிலாக ஒரு பழைய வரலாற்றைச் சொன்னோம். அதனையே இங்கு நேயர்களுக்கும் விரித்துரைக்கின்றோம்.

1932 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1933 ஆம் ஆண்டின் முற்பகுதியிலும், ஐரோப்பாவின் தானியக் களஞ்சியமெனப் பெயர்பெற்ற உக்ரெயின் நாட்டிலே மக்கள் பசியால் மாண்டனர். வானம் பொய்த்தமை இதற்குத் தலையாய காரணமன்று. கமக்காரரின் நிலங்களைக் கூட்டுப்பண்ணைகளாக்கிய ஸ்ராலினுடைய அரசு, விதித்த அளவு தானியத்தைத் தந்தே தீரவேண்டுமென நெருக்கி, விதைக்கென எடுத்துவைத்ததையும் வாரிச் சென்றது. பசித்தோர் ஊரைவிட்டு வெளியேறாவண்ணம் 1933 ஜனவரியில் வழிகளும் அடைக்கப்பட்டன. உக்ரெயினில் மாத்திரம் 35 இலட்சத்துக்கும் 39 இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் மடிந்தனரென்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கணிப்பு. அவ்வாண்டிலேயும் சோவியத் அரசு 15 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட தானியத்தை அயல்நாடுகளுக்குக் கப்பலேற்றி விற்றதென்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. செய்தி உரிய வேளையில் உலகை எட்டியிருப்பின், அக்கப்பல்களை நோக்கி எவரேனும் விரலை நீட்டியிருப்பர்.

செய்தி எட்டாமற்போனதற்கு மொஸ்கோவில் நிருபர்கள் இல்லாமை காரணமன்று. மேல்நாட்டுப் பெரிய பத்திரிகைகளின் நிருபர்கள் அங்கே வீடெடுத்து வாழ்ந்தனர். அவர்களுள் முதன்மையானவர் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் நிருபர் வோல்டர் டுராண்டி. அந்நாட்டிலே பத்து ஆண்டுகளுக்கு மேற் பழகியவர். ஸ்ராலினை நேரிற் சந்தித்துப் பேசியவர். 1931 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைகளுக்காக 1932 இல் புலிற்சர் பரிசு பெற்றவர். அவருடைய பத்திரிகையோ உலகெங்கும் மதிக்கப்படுவது. அந்நாளில் அப்பெண்பிள்ளை எம்மிடம் வந்து ஒரு பெயர் கேட்டிருப்பின், தயங்காமல் இப்பெயரையே சொல்லியிருப்போம் என்பதை ஒளியாமற் கூறிவிடுகின்றோம்.

இனி மற்றவரைப் பார்ப்போம். வேல்ஸ் நாட்டவரான காரெத் ஜோன்ஸ் என்பாருக்கு அப்பொழுது 27 வயது. கேம்பிரிட்ஜிற் கற்றவர், பிரித்தானியாவின் முன்னாட் பிரதமர் லொயிட் ஜோர்ஜுக்கு அயல்நாட்டு விவகாரங்களில் உதவியாளராயிருந்தவர். ருஷிய மொழியைச் சரளமாகப் பேசுவார். அவருடைய அன்னையார் இளமைக்காலத்தில் உக்ரெயினிலே, வேல்ஸ் நாட்டவர் ஒருவர் நிறுவிய தொழில் நகரில், பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியையாக இருந்தவர். அன்னையின் வாயாற் கேட்ட ஊர்களைக் காணும் ஆவலும் இவருக்கு இருந்தது போலும். 1933 மார்ச் மாதம், முதுகுப்பையிலே பாண், வெண்ணெய், பாற்கட்டி முதலியவற்றை நிரப்பிக்கொண்டு மொஸ்கோவிற் புகைவண்டியேறினார். அக்காலத்தில் உக்ரெயினின் தலைநகராயிருந்த கார்கோவுக்கெனப் புறப்பட்டவர், அந்நகரை அடையுமுன் சிறு நிலையம் ஒன்றில் இறங்கி, இருப்புப் பாதையைத் தொட்டுத் தொட்டு ஊரூராய் நடந்தார். இரவிலே கமக்காரரின் குடிசைகளிற் படுத்தார். கேட்டதையும் கண்டதையும் சிறு குறிப்பேடுகளில் எழுதிவந்தார். சென்ற இடமெல்லாம் அவர் கேட்டது ஒன்றே: பாண் இல்லை, சாகின்றோம்.

புகைவண்டியிலே நிகழ்ந்த ஒன்றை அவர் விவரித்துள்ளார். உடன் பயணஞ்செய்த கட்சிக்காரர் ஒருவர், பஞ்சமென்பது பொய் என்று சாதித்தார். ஜோன்ஸ் தாம் உண்டுகொண்டிருந்த பாணின் ஒரு துண்டை அங்கிருந்த படிக்கத்திலே எறிந்தார். அருகிலிருந்த கமக்காரன் ஒருவன் எச்சில் துப்பும் அப்படிக்கத்துட் கைவிட்டு அதை எடுத்து ஆவலோடு தின்றான். பின்னர் ஒரு தோடம்பழத் தோலை எறிந்தார். அதனையும் அவன் எடுத்துத் தின்றான். கட்சிக்காரர் அதன்பின் வாய்திறக்கவில்லை. இதைக் கேட்ட எமது மாணவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசித்தவன் ஒருவனை இப்படிச் சோதித்துப் பார்க்கலாமா என்று எமக்கும் மனம் உறுத்தியதுண்டு. ஆயினும் இலட்சக் கணக்குகள் எவை கூறினாலும் இந்த ஒரு படிக்கம் நெஞ்சிலே நிற்பதுபோல அவை நிற்பதில்லை. நேரிற் சென்று கண்டவனுடைய எழுத்திலே இவ்வாறான ஏதோவொன்று அகப்படும்.

மார்ச் 29 ஆம் திகதி பேர்லின் நகரை அடைந்த ஜோன்ஸ், பத்திரிகையாளர்களை அழைத்துத் தாம் கண்டதை வெளியிட்டார். இரண்டே நாள் கழித்து, 31 ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸிலே டுராண்டியின் மறுப்பு வெளிவந்தது. ருஷியர் பசியோடிருக்கின்றனர், ஆனாற் பட்டினியால் இறக்கவில்லை என்பது அதன் சாரம். ஜோன்ஸ் நல்ல அறிவாளியே. எனினும் கார்கோவைச் சுற்றி நாற்பது மைல் நடந்ததைக் கொண்டு ஒரு பெருநாட்டின் நிலையை அவசரப்பட்டு முடிவு செய்துவிட்டார் என்று பெரிய மனிதர் போலத் தட்டிக்கொடுத்துத் தள்ளிவிட்டார். பட்டினிச் சாவு இல்லையாம். போதிய போஷாக்கின்மையால் வரும் நோய்களினால் மரணம் பரவலாக உண்டாம்!

இவ்விடத்தில் மாணவர்கள் சற்றே நிற்றல் வேண்டும். போஷாக்கின்மையால் நோயுற்று இறத்தலுக்கும் பட்டினியால் இறத்தலுக்கும் உள்ள வேறுபாடு என்னை? இறப்பவனுக்கு ஒன்றுமில்லை, எழுதுபவனுக்கு நிரம்ப உண்டு. முதலாவது தொடர் தணிக்கையாளரின் மேசையைத் தாண்டும், இரண்டாவது தாண்டாது. முழுப்பொய் கூறாமலே உண்மையைப் புதைக்கவல்ல சொற்கள் இவ்வாறு பிறக்கின்றன. ஜோன்ஸ் இதனை நன்குணர்ந்தார். மே மாதம் 13 ஆம் திகதி அதே நியூயோர்க் ரைம்ஸில் வெளிவந்த அவருடைய கடிதத்திலே, தணிக்கையானது மொஸ்கோ நிருபர்களை மங்கலவழக்கிலே வல்லவராக்கிவிட்டதென்று நயமாகக் குத்தினார். அன்றியும், கமக்காரரின் வாய்மொழி, பல நாடுகளின் ஸ்தானிகர்கள் கூறியவை, ருஷியாவிற் குடியேறியிருந்த ஜேர்மானியர் எழுதிய கடிதங்கள் எனத் தமக்குச் செய்தி வந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். அவரை மறுத்தவரோ விரிவாக விசாரித்தேன் என்றார். தாம் அவ்வூர்களுக்குச் சென்று பார்த்ததாகக் கூறவில்லை.

மற்றைய நிருபர்கள் ஏன் வாளாவிருந்தனர்? வெளிநாட்டு நிருபரின் தந்தி ஒவ்வொன்றும் தணிக்கையாளரின் கைபட்டே செல்லும். அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து மொஸ்கோவை விட்டு வெளியூர் போவதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. மேலும் அவ்வேளையில் மெற்றோபொலிற்றன் விக்கர்ஸ் கம்பனியின் பிரித்தானிய எந்திரவியலாளர் சிலர் மொஸ்கோவிற் கைதாகி, வழக்கு விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்விசாரணையை எழுதாமற் போகும் நிருபருக்குத் தொழில் ஏது? தணிக்கையாளரைப் பகைத்தவருக்கு நீதிமன்றத்துக் கதவு திறவாது. அந்நிருபர்களுள் ஒருவரான யூஜீன் லையன்ஸ், ஜோன்ஸைப் பொய்யராக்க நாமெல்லோரும் உடன்பட்டோம் என்று 1937 இல் வெளியிட்ட தமது நூலில் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். டுராண்டியோ 1933 செப்டெம்பர் இறுதியில், பிரித்தானிய ஸ்தானிகராலயத்திற் பேசும்போது, ஒரு கோடி மக்கள் வரை உணவின்மையால் நேராகவோ மறைமுகமாகவோ இறந்திருக்கக்கூடும் என்றார். இலண்டனுக்கு எழுதப்பட்ட குறிப்பிலே இது பதிவாகியுள்ளது. இஃது அவருடைய வாசகர்கள் கண்ட கணக்கன்று. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசு சோவியத் அரசை அங்கீகரித்தது.

"அப்படியென்றால் பக்கஞ்சாராதவரைத் தேடிப் பிடிக்கவேண்டும், அப்படித்தானே மாமா?" என்றாள் பிள்ளை.

அதுவும் அத்துணை எளிதன்று. மன்செஸ்டர் கார்டியன் பத்திரிகைக்கு எழுதிய மல்கம் மக்கரிட்ஜ் என்பவர், சோவியத் ஆட்சியிலே பெருமதிப்புக் கொண்டே 1932 இல் மொஸ்கோ சென்றவர். அவரும் உக்ரெயினைச் சென்று பார்த்தார். பார்த்ததைத் தணிக்கைக்குத் தப்பி ஸ்தானிகராலயத் தபாற்பையில் அனுப்பினார். 1933 மார்ச் 25, 27, 28 ஆம் திகதிகளில் அவை ஆசிரியர் பெயரின்றி வெளியாயின. ஒரு பக்கத்திலே சார்பு உடையவர், அப்பக்கத்துக்கே பாதகமான செய்தியைக் கொண்டுவருவாராயின், அவருடைய சொல்லுக்கு நாம் இருமடங்கு நிறை கொடுப்போம். தம் விருப்பத்துக்கு ஒத்த செய்தியையே ஒருவர் எந்நாளும் கொண்டுவருகின்றபோதுதான் சற்றே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளல் நலம்.

மறுபக்கத்தாரின் கதை இன்னும் விசித்திரமானது. சோவியத் அரசைக் கடுமையாக எதிர்த்த அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹேர்ஸ்ட் என்பவரின் பத்திரிகைகள், 1935 பெப்ரவரியில் தோமஸ் வோக்கர் என்ற ஒருவருடைய பெயரிலே உக்ரெயின் பஞ்சத்துப் படங்களை வெளியிட்டன. பார்த்தோர் நெஞ்சம் பதறியது. ஆனால் அப்படங்களுட் பல, 1921, 1922 ஆம் ஆண்டுகளில் ருஷியாவில் ஏற்பட்ட வேறொரு பஞ்சத்தின் பழைய படங்கள்! வோக்கர் ஒரு மோசடிக்காரர். இதை வெளிப்படுத்தியவர் லூயி பிஷர் என்ற எழுத்தாளர். அவரோ சோவியத் ஆட்சியின் நண்பர். பஞ்சமே இல்லையென முன்னர் மேடையேறிப் பேசியவர். பஞ்சத்தை மறுத்து அவர் பேசியது தவறு. படங்கள் பொய்யென்று அவர் காட்டியது சரி. பக்கஞ்சார்ந்தவன் வாயிலிருந்தும் மெய் வருவதுண்டு. மெய்யான துயரைச் சொல்லவும் பொய்ப்படத்தை ஒட்டுவோருண்டு. இதனால் விளைந்த கேடு யாதெனில், அப்பொய்ப்படங்களைக் காட்டிக் காட்டியே பஞ்சம் முழுவதும் கட்டுக்கதை என்று பின்னர் பல்லாண்டு காலம் வாதித்தனர். இத்தனைக்கும், கார்கோவிலே வேலைபார்த்த அலெக்சாந்தர் வீனர்பேர்கர் என்ற ஒஸ்திரிய எந்திரவியலாளர் 1933 இல் வீதியிலே கிடந்த மனிதரை மறைவாகப் பிடித்த மெய்ப்படங்கள் இருந்தன.

கைத்தொலைபேசியை நம்பும் தமையனாருக்கும் இதைச் சொல் என்றோம். சென்ற மழைக்காலத்தில் அவர் எமக்கு அனுப்பிய வெள்ளப் படமொன்று வேறொரு நாட்டில், வேறோர் ஆண்டில் எடுக்கப்பட்டதாயிருந்தது. அதைப் பொய்யென அறிந்த ஒருவர், எமது பகுதியில் வெள்ளமே வரவில்லையென்று சொல்லத் துணிந்ததையும் கேட்டோம். முழங்கால் வரை தண்ணீரில் நின்றவர்களுக்கு அது எப்படியிருந்திருக்கும்!

ஜோன்ஸ் நெடுங்காலம் வாழவில்லை. 1935 ஓகஸ்ட் 12 ஆம் திகதி, சீனாவின் உள்மொங்கோலியப் பகுதியிலே கொள்ளையர் கையிற் கொல்லப்பட்டார்; மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்திருக்கும். அவருடைய குறிப்பேடுகள் பல்லாண்டுகள் குடும்பத்தாரின் வீட்டிலே கிடந்து, இப்பொழுது வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. நியூயோர்க் ரைம்ஸ், தன் பக்கங்களில் வெளிவந்த மிக மோசமான செய்திகளுட் சில டுராண்டி எழுதியவை என்று 1990 ஜூனில் ஆசிரிய பீடத்திலிருந்தே எழுதியது. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தேனும் தன் பிழையைத் தானே எழுதிய பத்திரிகை அது என்பதையும் மறைத்தல் நீதியன்று. ஒரு பத்திரிகை பிழைதிருத்தத்தை எங்கே, எத்துணை பெரிய எழுத்தில் இடுகிறதென்று பார்ப்பது எமது நெடுநாள் வழக்கம். புலிற்சர் சபையார் மட்டும், பரிசு 1931 ஆம் ஆண்டின் கட்டுரைகளுக்கே வழங்கப்பட்டதெனக் காட்டி, அதனை மீளப்பெறுவதில்லையென 2003 இல் முடிவுசெய்தனர். அம்முடிவு எமக்கு உவப்பானதன்று.

விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. பிள்ளை தான் கேட்டுவந்த பெயரைப் பெறாமலே எழுந்து போனாள். மனத்தாங்கலோடு போகிறாளோ என்று எண்ணினோம்.

செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டு வரும்போது படலையடியில் நின்று கூப்பிட்டாள். கையிலே இரண்டு பத்திரிகைத் துண்டுகள். ஒரே நாளில், ஒரே சந்தியில், ஒரே கூட்டத்தைப் பற்றிய செய்திகள். தகப்பனாரின் பத்திரிகையிலே 'கூட்டம் கலைக்கப்பட்டது' என்றிருந்தது. பெரியதகப்பனாரின் பத்திரிகையிலே 'கூட்டம் தாக்கப்பட்டது' என்றிருந்தது. இரண்டு சொற்களின் கீழும் சிவப்புப் பென்சிலாற் கோடிட்டிருந்தாள்.

"இரண்டு நிருபரும் அங்கே நின்றவையோ என்று இரண்டிலும் இல்லை, மாமா" என்றாள்.

துண்டுகளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக இருமுறை வாசித்தோம். அவள் சொன்னது சரியே.