பிரசவ வார்டுக்கு முன்னால் இருக்கும் வருடங்கள்

2014 நவம்பர் நடுவில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தொலைக்காட்சி வேன்கள் வந்து நின்றன. சென்னையிலிருந்து அதிகாரிகளும் நிபுணர்களும் விரைந்தனர். எடைக் குறைவு, குறைமாதப் பிறப்பு, மூச்சுத்திணறல் என்று சுகாதாரத் துறை காரணங்களை அடுக்கியது. அலட்சியம் என்றன எதிர்க்கட்சிகள். கூடுதல் மருத்துவர்கள் எத்தனை பேர், கூடுதல் கருவிகள் எத்தனை என்பதாக விவாதம் சுருங்கியது. பிறகு செய்தி மாறியது, எல்லாரும் மறந்தோம்.

சுகாதாரத் துறை சொன்ன காரணங்களைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அவை பாதி விளக்கம்தான். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடைக் குறைவு என்று கணக்கு. ஒன்றரைக் கிலோவில் பிறக்கும் குழந்தை அந்த எடையை வார்டுக்குள் வந்து இழக்கவில்லை. தாயின் வயிற்றில் இருந்த மாதங்களில், அதற்கும் முன்னால் அந்தத் தாய் சிறுமியாக இருந்த வருடங்களில் அந்த எடை தீர்மானமாகிவிட்டது. வார்மர் என்ற சூடூட்டும் கருவிக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி மருத்துவரும் செவிலியரும் இரவு பகலாகப் போராடுவது, வெளியே ஏற்கெனவே பெருமளவு தோற்றுவிட்ட ஒரு வழக்கின் மேல்முறையீடு. மேல்முறையீட்டு மன்றத்தைப் பெரிதாக்குவதிலேயே நம் அரசுகள் குறியாக இருக்கின்றன. முதல் விசாரணை நடக்கும் இடம் ஆளில்லாமல் கிடக்கிறது.

அந்த முதல் இடம் எது என்று தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மானாவாரி நிலம், பொய்க்கும் மழை, பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் கம்பெனி வேலை. பெற்றவர்கள் இருவரும் பிழைக்கப் போய்விட, பெண் பிள்ளை பாட்டியிடம் இருக்கிறாள். எட்டாவதோ பத்தாவதோ முடிந்ததும் பள்ளிக்கு வருவது நிற்கிறது. ‘வயசுக்கு வந்த பொண்ணை விட்டுட்டு எப்படி வெளியூர்ல நிம்மதியா வேலை பார்க்கறது’ என்பது ஊரில் எல்லாருக்கும் நியாயமாகப் படும் கேள்வி. தாய்மாமனோ அத்தை மகனோ தயாராக இருந்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. பதினேழு வயதில் கர்ப்பம். கண் இமையைக் கீழிழுத்துப் பார்த்தாலே வெளுத்திருக்கும். ‘ரத்தம் கம்மி’ என்று ஊர்ப் பேச்சில் சொல்லும் அந்த நிலை, மருத்துவக் கணக்கில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே. சத்து மாத்திரையை நூற்றெண்பது நாளாவது விழுங்கியிருக்க வேண்டும். கர்ப்பப் பதிவே ஐந்தாம் மாதம் நடந்தால் எப்போது விழுங்குவது?

இங்கே இன்னொரு முடிச்சும் விழுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால் காவல் துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் மருத்துவருக்கு வேறு வழி தரவில்லை. சட்டத்தின் நோக்கத்தில் குறை காண நாம் வரவில்லை. ஆனால் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வழக்குக்குப் பயந்து வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். அரசு மருத்துவமனைப் பக்கமே வராமல் கடைசி மாதம்வரை கர்ப்பத்தை மறைக்கிறார்கள். அதிகக் கவனிப்பு தேவைப்படும் கர்ப்பம்தான் யார் கண்ணிலும் படாமல் வளர்கிறது. வலி எடுத்த பிறகு 108 வண்டியில் வருகிறாள். திருமணத்துக்கு ஆறு மாதம் முன்னால் ஒரு தலைமையாசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால், போலீசுக்கும் வேலை இல்லை, வார்மருக்கும் வேலை இல்லை.

திண்ணைப் பேச்சால் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்குத் தருமபுரி மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. அரூரைத் தாண்டி, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் ஊர்கள். 1993-ல் மயக்கவியல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மகப்பேறு மருத்துவர் லலிதா ரெஜியும் அங்கே போய்ச் சேர்ந்தபோது, பக்கத்து மருத்துவமனைக்கே பல மணி நேரப் பயணம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்று நாற்பதுக்கும் மேல் ஒரு வயதைக் காணவில்லை. ஊர் மக்கள் கட்டிக்கொடுத்த கூரைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கியது. நூறு வாட் பல்பு வெளிச்சத்தில், மரப் பெஞ்சின் மேல் அறுவை சிகிச்சை. இந்தப் படம் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும், நாமும் மயங்குவோம்.

ஆனால் சாவைக் குறைத்தது அந்தப் பெஞ்சு மட்டும் இல்லை. அதே ஊர்ப் பெண்களுக்கு, அதிகம் படிக்காதவர்களுக்கும்கூட, பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மாதந்தோறும் ஊர் ஊராகப் போனார்கள். கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை எடை போட்டார்கள். போன மாத எடையோடு ஒப்பிட்டார்கள். கோடு கீழே சாய்ந்தால் அன்றைக்கே தாயோடு பேச்சு: என்ன சாப்பிடுகிறான், வயிற்றுப்போக்கா, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தாயா? சிசு மரணம் ஆயிரத்துக்கு இருபது என்ற அளவுக்கு இறங்கியது. பிறகு அவர்கள் இயற்கை விவசாயத்துக்கும் லம்பாடித் தையல் வேலைக்கும் கைகொடுத்ததைச் சிலர் மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத நல்ல காரியம் என்று நினைக்கக்கூடும். பிழைக்க வெளியூர் போகாமல் தாய் ஊரிலேயே இருந்தால் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்தால் சம்பந்தம் புரியும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியும் ஊர்ப் பெண்களையே பழக்கி, வீட்டுக்கே போய்ப் பச்சிளங்குழந்தையைக் கவனிக்க வைத்தார்கள். பச்சிளங்குழந்தைச் சாவு பாதிக்கும் கீழே போனதை 1999-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. தேசிய அளவில் ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போவதற்கு அதுவே முன்மாதிரி.

தொண்டு நிறுவனத்தால் முடியும், அரசால் முடியுமா என்பது அடுத்த கேள்வி. தருமபுரியில் அரசும் செய்துகாட்டியிருக்கிறது. பெண் சிசுக்கொலைக்காக இந்த மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்ட காலம் அது. 1990-களின் கடைசியில், டென்மார்க் அரசின் டானிடா உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின்கீழ், ஷீலா ராணி சுங்கத் முதலிய அதிகாரிகள் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த ஊரில் எத்தனை பெண் குழந்தைகள் பிறந்த சில நாட்களில் காரணம் புரியாமல் இறக்கின்றன என்று பார்த்தார்கள். அந்த ஊர்களுக்குக் கலைப்பயணக் குழுக்கள் போயின. குழுவினரும் இதே மாவட்டத்துக்காரர்கள். இரவில் ஊர் நடுவில் பெட்ரோமாக்ஸோ தெருவிளக்கோ போதும்; அவர்கள் பேச்சு, அவர்கள் பாட்டு, அவர்கள் வீட்டுக் கதை. வரதட்சணையிலிருந்து கள்ளிப்பால்வரை அத்தனையும் மேடைக்கு வந்தது. பார்த்தவர்களில் சிலர் அழுதார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள். இரண்டும் நல்லதுதான்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தருமபுரியில் 826 பெண் குழந்தைகள். 2011-ல் அது தொள்ளாயிரத்தைத் தாண்டியது. இந்த மாற்றத்துக்குக் கலைப்பயணம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டோம். கண்காணிப்பு, வழக்குகள், 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் தருமபுரிக்கும் வந்த, வேண்டாத பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. தொட்டில் பல உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் பெண் பிள்ளை வேண்டாம் என்று தாய் முடிவெடுத்த பிறகு நீட்டப்படும் தொட்டில் அது. கலைப்பயணம் அந்த முடிவு எடுக்கப்படும் முற்றத்துக்குப் போனது. இப்போது அந்த முடிவு முற்றத்திலும் எடுக்கப்படுவதில்லை. கையடக்க ஸ்கேன் கருவியோடு வீட்டுக்குள் வந்து கருவின் பாலினம் சொல்லும் கும்பல்கள் இதே மாவட்டத்தில் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. குற்றம் முன்கூட்டியே நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. தடுப்பு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பின்னால் வந்து சரிசெய்ய வழியே இல்லாத ஒரு விஷயத்தையும் இந்த மண் பார்த்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பால் பல் விழுந்து முளைக்கும் பல்லிலேயே பழுப்புக் கோடு விழும். வருடக் கணக்கில் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகும். இறுகிய எலும்பை இளக்க மருந்து கிடையாது. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக 2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதனால்தான் இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய மருத்துவமனை என்று சொல்லத் தகும். அந்த நீர் போதாத ஊர்களில் போர்வெல் தண்ணீரைக் கலந்து தொட்டியில் ஏற்றுகிறார்கள் என்ற புகார் வரும்போதெல்லாம் அதைக் குடிநீர்ப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது தவறு.

தீவிர சிகிச்சைப் பிரிவே வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். இன்று மூச்சுத் திணறும் குழந்தைக்குப் பத்து வருடம் கழித்துப் பலன் தரும் திட்டம் உதவாது. மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது தருமபுரிக்குக் கிடைத்த பெரிய கொடை. நம் வழக்கு வேறு: இரண்டுக்கும் பணம் வேண்டும் என்று ஏட்டில் எழுதிவிட்டு, நெருக்கடி வரும்போதெல்லாம் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றுக்குக் கொடுக்கிறோம். காரணமும் தெரிந்ததுதான். புதிய கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. நடக்காமல் போன ஒரு பால்ய விவாகத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவது?

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ‘வருமுன் காப்போம்’ என்ற பெயரிலேயே ஒரு திட்டம் பக்கத்து வாழப்பாடியில் 2021-ல் மறுபடி தொடங்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், பால்ய விவாகத்துக்கு எதிராக எந்த விளம்பரப் பலகையையும்விட வலுவான வாதம். ஆனால் அது பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவளுக்கு. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டவளுக்கு அதில் இடமில்லை. முகாம் ஒரு நாள் வந்து போகும். நர்சம்மா என்று ஊர் அழைக்கும் கிராம சுகாதார செவிலியர் மாதந்தோறும் வர வேண்டியவர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கும் மலையில் மூவாயிரம் பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. பிற மாநிலங்களில் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா இருக்க, இங்கே மலைப்பகுதிகளைத் தவிர முழுச் சுமையும் கிராம சுகாதார செவிலியர் தலையில். 2023-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை நிரப்ப அறிவிக்கை வெளியிட வேண்டியிருந்தது என்றால், அதுவரை எத்தனை ஊர்களை வேறொரு நர்சம்மா ‘கூடுதல் பொறுப்பாக’ பார்த்துவந்தார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இருப்பவரின் நேரத்தையும் இணையப் பதிவு விழுங்குகிறது. கர்ப்பிணியின் முகத்தைவிடச் செல்போன் திரையை அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் சங்கங்களே சொல்லிவரும் குறை.

எனவே மாவட்ட நிர்வாகத்திடமும் அரசிடமும் நாம் கேட்பது மூன்று. ஒன்று, தருமபுரியில் காலியாக உள்ள ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் கிராம சுகாதார செவிலியரை நியமிக்க வேண்டும். அவருடைய பதிவு வேலைக்குத் தனியாள் தர வேண்டும். இரண்டு, எட்டாம் வகுப்புக்கு மேல் எந்தப் பெண் பிள்ளையும் தொடர்ந்து இரண்டு வாரம் பள்ளிக்கு வராவிட்டால், அந்தப் பெயர் தலைமையாசிரியரிடமிருந்து குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், ஒருவர் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பெற்றோர் வெளியூரில் இருந்தால் விடுதியில் இடம் அன்றைக்கே கிடைக்க வேண்டும். மூன்று, கலைப்பயணத்தை, இம்முறை பால்ய விவாகத்துக்கும் ஸ்கேன் கும்பலுக்கும் எதிராக, மறுபடி ஊர்களுக்கு அனுப்ப வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். அடுத்த நிதியாண்டு ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு, துணை சுகாதார நிலையங்களுக்கு எவ்வளவு என்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் பேரவையில் கேட்கட்டும். அவர்கள் கேட்காவிட்டால் வாக்காளர்கள் அவர்களைக் கேட்கட்டும்.