‘ஒய்’ தட்டும் முன் ஒரு நிமிஷம்!

கோவை கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் காலையிலேயே போன் செய்தார். “ஏனுங்ணா, லேப்டாப்புல புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்டனுங்க. இப்ப வெறும் கறுப்பு ஸ்க்ரீன்தான் வருது. பில்லு பூராவும் அதுக்குள்ளதானுங்க இருக்குது!”

நேரில் போய்ப் பார்த்தேன். லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். புதிய மென்பொருளைச் சேர்க்கும்போது, ‘கீழே உள்ளவை நீக்கப்படும், தொடரலாமா?’ என்று கேட்டிருக்கிறது. இவர் பட்டியலைப் படிக்காமலே ‘ஒய்’ தட்டிவிட்டார். அந்தப் பட்டியலில் டெஸ்க்டாப்பும் இருந்திருக்கிறது!

ஏன் அதை நீக்க வேண்டும்? நண்பருக்குப் பம்ப் கணக்கிலேயே சொன்னேன். பெரிய பேரிங் போட்டால் ஷாஃப்ட்டை மாற்ற வேண்டும். ஷாஃப்ட் மாறினால் பழைய இம்பெல்லர் சேராது. மென்பொருளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் வேறு சில மென்பொருள்களை நம்பியே ஓடுகிறது. ‘எனக்கு இன்னது வேண்டும், இந்தப் பதிப்புக்குக் குறையக் கூடாது, இன்னதோடு ஒத்துப்போகாது’ என்று ஒரு குறிப்பும் கூடவே வரும்.

டெபியன் லினக்ஸில் இந்தக் குறிப்புகளைப் படித்து வேலை செய்யும் கருவி ‘ஆப்ட்’. உபுண்டுவிலும் இதுதான். டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸிலும் இதுதான். எல்லாக் குறிப்புகளும் ஒத்துப்போகும் வழியை அது தேடும். வழி இல்லையென்றால் சிலவற்றைப் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைக்கும். அல்லது ஒன்றை நீக்கலாமா என்று கேட்கும். ‘ஆப்ட் அப்கிரேட்’ என்று கொடுத்தால் இருப்பதை நீக்காது. ‘ஃபுல்-அப்கிரேட்’ என்றால் தேவைப்பட்டால் நீக்கும். கணக்கு சரியாக வருகிறதா என்றுதான் அது பார்க்கும். உங்களுக்கு எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது.

‘என்னிடம் போன் மட்டும்தானே’ என்கிறீர்களா? ஆண்ட்ராய்டு ஆப்கள் தமக்கு வேண்டியதைப் பெரும்பாலும் தமக்குள்ளேயே வைத்திருக்கும். அதனால் ஒன்றோடொன்று மோதுவது குறைவு, சைஸ்தான் பெரிதாகிறது. ஆனாலும் ‘வெப்வியூ’ போன்ற சில பொதுவானவை உண்டு. 2021 மார்ச்சில் அதில் வந்த கோளாறால், ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன.

நண்பரின் லேப்டாப்பில் எழுத்து மட்டும் வரும் திரைக்குப் போய், டெஸ்க்டாப்பை மறுபடி போட்டேன். பில்கள் பத்திரமாக இருந்தன. ஆப்ட் நீக்குவது மென்பொருளைத்தான், நீங்கள் சேமித்த ஃபைல்களை அல்ல.

“பேரிங் மாத்தறப்ப நாலு தடவை அளவு பாக்கறனுங்க. இதை ஒருக்கா படிச்சிருக்கலாம்” என்றார்.

நீங்களும் அப்டேட் செய்யும் முன் முக்கிய ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ‘நீக்கப்படும்’ என்ற பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். புரியாத பெயர் இருந்தால் ‘என்’ தட்டிவிட்டு, தெரிந்தவரிடம் கேளுங்கள். அப்டேட்டை நாளைக்கும் செய்துகொள்ளலாம்.