பொதுக் கிணறும் பூட்டிய மானியும்

யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணற்றோடு கூடிய தோட்டக் காணியொன்றின் உறுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள். பரப்பும் எல்லைகளும் கூறிய பின்னர், கிணற்றில் இத்தனை பங்கு என்றும், அதற்குரிய வழிவாய்க்கால் பாத்தியதை என்றும் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அவ்வரியை எழுதிய பழைய நொத்தாரிசுமார் ஓர் உண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். கிணற்றிலே பங்கு உண்டு, கிணற்றடிக்குப் போக வழி இல்லை என்றால், அந்தப் பங்கு வெறும் மையெழுத்தாகவே முடியும். ஆதலினாற்றான் தண்ணீரோடு வழியையும் சேர்த்து எழுதினர். பங்காளிகள் முகங்கொடுத்துப் பேசாத காலத்திலும் அந்த வழியை எவரும் அடைத்தல் ஆகாது.

எமது உழவர் யாவரும் அறிந்த இந்தச் சிறு நீதி, கொழும்பு மாநகரின் தொடர்மாடிகளில் இன்று மறக்கப்பட்டுக் கிடக்கின்றது.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளில் வாடகைக்கு வாழும் எம்மவர் பலர். உத்தியோகத்தின் பொருட்டு வந்தவரும், பிள்ளைகளின் கல்வியின் பொருட்டு வந்தவரும், போர்க்காலத்தில் ஊரிழந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவரும் அவர்களுள் அடங்குவர். அவர்களுட் சிலர் எம்மை நாடி வந்து கூறும் முறைப்பாடு பெரும்பாலும் ஒரே தன்மையது. மின்மானிகள் கீழ்த்தளத்தில் ஓர் அறையினுள் உள்ளன. அறைக்குப் பூட்டு. திறப்போ வீட்டுச் சொந்தக்காரரிடம் அல்லது காவலாளியிடம். மாத முடிவில் ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு தொகை எழுதி வரும். அத்தொகை எத்தனை அலகுக்கு உரியது, அலகு என்ன விலை, மூலப் பட்டியல் எங்கே என்று கேட்டால், விருப்பமில்லையேல் வேறு வீடு பார்க்கலாம் என்பதே விடை.

இதனினும் கொடிது, ஒரே மானியிற் பல குடும்பங்களை மாட்டி வைக்கும் வழக்கம். ஒரு வீட்டை மூன்றாக மறித்து மூவருக்கு வாடகைக்குக் கொடுப்பர். மானி மாத்திரம் ஒன்றாகவே இருக்கும். இதில் வரும் நட்டம் எத்தன்மையது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. அலகு கூடக் கூட அலகின் விலையும் கூடும். 2022 ஆகஸ்ட் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விகிதத்தை உதாரணமாகக் கொள்வோம். மாதம் 60 அலகு பாவிக்கும் குடும்பம் முதல் 30 அலகுக்கு 8 ரூபா வீதமும், அடுத்த 30 அலகுக்கு 10 ரூபா வீதமும், நிலைக்கட்டணமாக 240 ரூபாவும் செலுத்தியது. மொத்தம் 780 ரூபா. அத்தகைய மூன்று குடும்பங்கள் தனித்தனி மானி வைத்திருப்பின் மூவருஞ் சேர்ந்து செலுத்துவது 2,340 ரூபா. அதே மூவரும் ஒரே மானியில் இருந்தால் அங்கே 180 அலகு பதிவாகும். முதல் 90 அலகும் 16 ரூபா வீதம், எஞ்சிய 90 அலகும் 50 ரூபா வீதம், நிலைக்கட்டணம் 960 ரூபா. மொத்தம் 6,900 ரூபா.

மின்குமிழ் ஒன்றேனும் அதிகம் எரியவில்லை. ஆயினும் கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்கு. சிக்கனமாக வாழும் ஏழைக்கு உதவவென்று வகுத்த படிமுறை, அவனைப் பிறரோடு சேர்த்துக் கட்டியதனால் அவனையே தண்டிக்கும் படிமுறையாக மாறிவிட்டது. விகிதங்கள் அதன் பின் பன்முறை மாறின. படிமுறையாக ஏறும் முறை மாறவில்லை. தண்ணீர்க் கட்டணமும் இவ்வாறே படிப்படியாக ஏறுவதாகும்.

இனி, சட்டம் கூறுவது யாது? 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், ஓரிடத்துக்கு மின்சாரம் கேட்கும் உரிமையை அவ்விடத்தின் சொந்தக்காரருக்கு மாத்திரம் கொடுக்கவில்லை. அங்கே குடியிருப்பவருக்கும் கொடுத்தது. வாடகை செலுத்தி வாழ்பவர் குடியிருப்பவர் அல்லர் என்று எந்த நியாயவாதியும் வாதிக்க முடியாது. எனினும், தனி மானி வேண்டுமென்று விண்ணப்பத்தோடு போகின்றவரிடம் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் எங்கே என்றே கேட்கப்படுகின்றது. சட்டம் கொடுத்ததைக் கடிதம் ஒன்று தடுத்து நிற்கின்றது. இந்தியாவில் இதே வினா எழுந்தபோது, மின்சாரம் அடிப்படை வசதி ஆகும், வீட்டுக்காரர் சம்மதம் தர மறுத்தார் என்பது ஒன்றையே காட்டி அதனை வாடகைக்கு இருப்பவருக்கு மறுத்தலாகாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் கூறிற்று. பிரித்தானியாவில், வீட்டுக்காரர் தாம் வாங்கிய விலைக்கு மேல் மின்சாரத்தை வாடகைக்காரருக்கு விற்கலாகாது என்பது 2003ஆம் ஆண்டு தொட்டு விதியாக உள்ளது.

வாடகை வீட்டின் மின்சாரப் பட்டியலைப் பற்றி அரசியல் வார இதழொன்று ஆசிரியத் தலையங்கம் தீட்டுவதா என எண்ணுவோர் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கூறுவது இது. இந்நாட்டிலே பிள்ளையை முதலாம் வகுப்பிற் சேர்க்கப் போனால் வதிவிடத்தை நிலைநாட்ட மின்சாரப் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் கேட்கப்படுகின்றன. பட்டியலிலே பெயர் இல்லாதவர், பல்லாண்டு ஓரிடத்தில் வாழ்ந்தும் அங்கே வாழ்வதை நிறுவ முடியாதவராக நிற்கின்றார். 2007 ஜூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டமையை நாம் மறக்கவில்லை. தலைநகரில் தங்கத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்தகைய நாளொன்றைக் கண்ட சமுதாயம், தான் வாழும் இடத்தைக் காட்டும் கடதாசி எதனையும் அற்பமெனத் தள்ளலாகாது.

அரசாங்கத்தை மாத்திரம் குறைகூறி இத்தலையங்கத்தை முடித்துவிடுதல் எமக்கு எளிது. ஆயின் அது நேர்மையாகாது. அந்த அறைக்குப் பூட்டுப் போட்டவர் பல இடங்களில் எம்மவரே. வெள்ளவத்தையிலே வீட்டுக்காரர் தமிழர், வாடகைக்காரரும் தமிழர். ஒரே கோவிலிற் கும்பிடுபவர்கள், ஒரே ஊர்ச் சங்கத்தில் இருப்பவர்கள். கணக்குக் காட்டாத ஆட்சி கொடுங்கோன்மை என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கணக்குக் கேட்ட வாடகைக்காரரை வெளியேறச் சொல்பவரின் அரசியலுக்கு என்ன பெயர் வைப்பது? உரிமை என்ற சொல்லைப் பிறரிடம் நீட்டிக் கேட்பவர், தம்மிடம் கேட்கப்படும்போது முகத்தைத் திருப்புதல் தகாது.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. பல மாதப் பட்டியலை நிலுவையாக விட்டுவிட்டு, சொல்லாமற் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்தோர் உளர். மானியிற் கை வைத்தோரும் உளர். இவற்றுக்கு முற்பணம் இருக்கின்றது, ஒப்பந்தம் இருக்கின்றது, நீதிமன்றம் இருக்கின்றது. மானியைத் தொடாதே என்பது நியாயம். அதனைப் பாராதே என்பது நியாயமன்று. கண்ணாடி மூடியிட்ட ஒரு பெட்டியால் இவ்விரண்டும் நிறைவேறும்.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. தாம் பணஞ் செலுத்தும் மானியை எவ்வேளையிலும் பார்க்க வாடகைக்காரருக்கு வழி இருத்தல் வேண்டும். மூலப் பட்டியலின் பிரதி ஒவ்வொரு மாதமும் அவர் கைக்கு வருதல் வேண்டும். வாங்கிய விலைக்கு மேல் ஒரு சதமேனும் அறவிடுதல் தடுக்கப்படல் வேண்டும். குடியிருப்பவர் தமது வாடகை ஒப்பந்தத்தைக் காட்டித் தனி மானி பெறும் நடைமுறை வேண்டும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தோடு துறை முழுவதும் மாற்றியமைக்கப்பட்டு வருங்காலத்தில், இவற்றை ஒழுங்குவிதிகளாக்குமாறு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை வற்புறுத்துவது எமது பாராளுமன்ற உறுப்பினர்களின் கடமை.

விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியமும் ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன், குடிபுகும் நாளில் மானி காட்டிய எண்ணை இருவரும் பார்த்து அதில் எழுதுங்கள். மானியைப் பார்க்கும் உரிமையையும் பட்டியற் பிரதியையும் ஒரு வரியிற் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் வரையும் சட்டத்தரணிகள், கேளாமலே அந்த வரியை எழுதுவார்களாக. எழுத்தறிவு குன்றிய காலத்திலும் எமது முன்னோர் கிணற்றுப் பங்கோடு வழியையும் மறவாது எழுதினர். படித்த நாம் அவர்களிலும் குறைந்தவர் ஆகலாமா?