ஒரே பயணம்... ரெண்டு விடியல்!

லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் தெரியுமா? சுமார் 17,000 கிலோமீட்டர்! வழியில் ஒரு ஊரில் இறங்கி ஏறிப் போனால் மொத்தம் 22, 23 மணி நேரம் ஆயிடும். சினிமா பார்த்துக்கிட்டே, சூடா சாப்பிட்டுக்கிட்டே போறதுக்கே 'உஸ்ஸ்... முடியலை'ன்னு சலிச்சுக்கிற பார்ட்டியா நீங்க? அப்போ இந்தக் கதையைக் கேளுங்க பாஸ்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. இங்கிலாந்து - ஆஸ்திரேலியா விமானப் பாதை அதோடு கட்! 1943-ல் குவான்டாஸ் ஒரு முரட்டுக் காரியம் பண்ணுச்சு. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கிளம்பி, இலங்கையில் காலிக்குப் பக்கத்திலிருக்கும் கொக்கலை ஏரியில் இறங்கணும். நடுவில் 5,600 கிலோமீட்டருக்கு மேல் வெறும் இந்தியப் பெருங்கடல். தண்ணீரில் இறங்குற கேட்டலினா விமானம், வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். நம்ம ஊர் பைபாஸில் சில பேர் பைக்கிலேயே அந்த வேகத்துக்கு ஆசைப்படுறாங்க, அது வேற விஷயம்!

போய்ச் சேர 27 முதல் 33 மணி நேரம். எதிரி காதில் விழக் கூடாதுன்னு ரேடியோவில் மூச்சு விட மாட்டாங்க. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி. ஒரே பயணத்தில் ரெண்டு தடவை சூரியன் உதிக்கும். அதைப் பார்த்தவங்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்'னு சர்டிஃபிகேட்டே கொடுத்தாங்க!

ஆனா, அதிகபட்சம் மூணே மூணு பயணிகள்தான். ஏன்? மிச்ச எடையெல்லாம் எரிபொருளுக்கு! தூரம் கூடினா எரிபொருள் கூடும். அந்த எரிபொருளைத் தூக்கவே இன்னும் எரிபொருள் வேணும். 1989-ல் குவான்டாஸின் புது போயிங் 747 லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமலே 20 மணி 9 நிமிஷத்தில் பறந்தது. டிக்கெட் வாங்கின பயணி ஒருத்தர்கூட அதில் இல்லை. ரன்வே வரைக்கும் விமானத்தை வண்டி வெச்சு இழுத்துட்டுப் போனாங்க, எரிபொருளை மிச்சம் பிடிக்க!

2018 மார்ச்சில் பெர்த் - லண்டன் நான்ஸ்டாப் வந்தது. 14,500 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். அடுத்து சிட்னி - லண்டன். 2027-ல் தொடங்கத் திட்டம். அந்த ஏர்பஸ்ஸில் கூடுதலா 20,000 லிட்டர் டேங்க் உண்டு, சீட்டோ 238-தான். சீட் குறைஞ்சா டிக்கெட் விலை எந்தப் பக்கம் போகும்னு உங்களுக்கே தெரியும். நாலு மணி நேரம் மிச்சம் பண்ண ஸ்டூடன்ட் பர்ஸைக் காலி பண்ணணுமா? நான்னா இறங்கி ஏறித்தான் போவேன்!

எப்படிப் போனாலும் உடம்புக்குள்ளே இருக்கிற கடிகாரம் மெதுவாத்தான் நகரும். ஒரு மணி நேர வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள். லண்டனுக்கும் சிட்னிக்கும் வித்தியாசம் 9 முதல் 11 மணி நேரம். அதனால, இறங்கின மறுநாளே இன்டர்வியூன்னு மட்டும் ஒப்புக்காதீங்க பாஸ்!