மறதியுற்ற முதியோரும் வாய்த் தூய்மையும்

முதியோரைப் பேணுதல் தலையாய அறமென்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், அறிவு தளர்ந்து, பெற்ற மக்களின் பெயரையும் மறந்து வாழும் முதியோருக்கு வேளை தவறாது சோறூட்டும் நாம், அச்சோறு சென்ற வாயைத் துலக்கிவிட வேண்டுமென்று பெரும்பாலும் எண்ணுவதில்லை. உணவூட்டுதல் அறமாயின், வாயைத் தூய்மை செய்தலும் அவ்வறத்தின் பாற்பட்டதே என்பது நமது கருத்து.

விருத்தாசலம் என்பதற்குப் பழமையான மலை என்பது பொருள். திருமுதுகுன்றம் என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். முதுமையைப் பெயரிலேயே தாங்கிய இவ்வூர், இற்றை நாளிற் பீங்கான் தொழிலாற் பெயர் பெற்றது. பீங்கானுக்கும் பல்லுக்கும் உறவுண்டு. 1774 ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து மருந்து வணிகர் துய்ஷாத்தோ என்பார், நாற்றம் பற்றிய தமது தந்தப் பற்களுக்கு மாற்றாகப் பீங்காற் பற்களைச் செய்விக்க முயன்றனர் என்பது பல் வைத்திய வரலாறு. சூளையிற் சுட்ட பீங்கான் விரிந்தால் தானே ஒட்டிக்கொள்ளாது. பல்லின் மேற்பூச்சாகிய எனாமலும் அத்தகையதே. அழிந்த பின் மீண்டும் வளராது. ஆதலின் வருமுன் காத்தலே வழி.

மறதி நோய் என்பது முதுமைக்கு இயல்பான சிறு மறதியன்று. மூளையைப் பற்றிய வியாதி. நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் 100க்கு 7 பேருக்குச் சிறிது மேலாக, ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுற்றிருப்பதாக 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டுள்ளது. அவருட் பெரும்பாலோர் வீட்டிலேயே வாழ்கின்றனர்.

இந்நோயுற்றார்க்குப் பல்வலி வந்தால், “பல் வலிக்கிறது” என்று சொல்ல இயலாது போகின்றது. உண்ண மறுப்பர், கன்னத்தைத் தடவுவர், செயற்கைப் பல்லைப் பிடுங்கி எறிவர், காரணமின்றிச் சினப்பர். நாமோ அதனைப் பிடிவாதமென்று கடிந்துகொள்கின்றோம். வாய் திறந்து சொல்ல மாட்டாதவர்களின் வாயைத் திறந்து பார்ப்பதன்றோ நம் கடமை? அவர்கள் உட்கொள்ளும் மருந்துகள் சில உமிழ்நீரை வற்றச் செய்யும். உமிழ்நீர் குன்றினாற் பற்சொத்தை விரைந்து பெருகும்.

“பல்லே இல்லாதவர்க்கு இதெல்லாம் எதற்கு?” என்பார் உளர். கேடு பல்லோடு நிற்பதன்று. வாயிற் பெருகிய கிருமிகள் உமிழ்நீரோடு மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரற் சுரத்தை உண்டாக்கும். ஜப்பான் தேசத்து முதியோர் இல்லங்கள் 11இல் நடந்து, 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், இரண்டாண்டுக் காலத்தில் இச்சுரம் கண்டவர், வாய் பேணப்பெற்றோருள் 100க்கு 11 பேர். பேணப்பெறாதோருள் 19 பேர். பல்லில்லாதவரும் இதனாற் பயனடைந்தனர்.

இனி, செய்யும் முறை யாது? நோயாளரை நிமிர்ந்து உட்காரவைத்தல் வேண்டும். படுத்த நிலையில் துலக்குதல் தகாது. மென்மையான சிறு தூரிகையும், பயறளவு புளோரைடுப் பற்பசையும் போதும். செங்கற்பொடியும் கரியும் பல்லைத் தேய்த்துவிடும். ஒரே இடம், ஒரே வேளை, ஒரு சொல் என்பன நன்று. நெடுநாட் பழக்கம் கடைசியில் மறைவது. ஆதலின், அவர் முற்றத்திற் பல் துலக்கியவராயின் முற்றத்திற்கே அழைத்துச் செல்க. தூரிகையை அவர் கையிற் கொடுத்து, அக்கையின்மேல் நம் கையை வைத்து நடத்துக. மறுத்தால் வற்புறுத்தற்க, சிறிது பொழுது கழித்து மீண்டும் முயல்க. உண்டபின் கன்னத்தில் அடங்கிய சோற்றை நீக்குக. செயற்கைப் பல்லை இரவிற் கழற்றித் துலக்கித் தண்ணீரில் இடுக, வெந்நீரில் இடலாகாது. வெற்றிலை புகையிலை வழங்கியவர் வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண் காணின், உடனே வைத்தியரிடம் செல்க. நோயின் தொடக்கத்திலேயே, அவர் சொல்வதை உணரும் நிலையிலேயே, பல் வைத்தியரைக் கண்டு வேண்டும் சிகிச்சைகளை முடித்தல் சாலச் சிறந்தது.

நிற்க, இத்தொண்டு யாருடையது? பல இல்லங்களில் இது மருமகள் ஒருத்தியின் தலையிலேயே விழுகின்றது. சமைத்தும் ஊட்டியும் களைத்தவளிடம் இதனையும் சுமத்துதல் நீதியன்று. மக்களும் பேரன்மாரும் ஒரு வேளையேனும் இதனை ஏற்றல் வேண்டும். நம் அரசினர் 2021 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தால், மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. அவ்வாறு வருவோர், மறதியுற்ற முதியோரின் வாயையும் ஒவ்வொரு முறையும் பார்த்து, வீட்டார்க்கு வழி சொல்லுதல் நலம். பெரும்பொருட் செலவு இதற்கு வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் வீடு செல்லும்போது, நுங்கள் பாட்டனார் நும் பெயரைச் சொல்லாதிருத்தல் கூடும். அதனால் அவர்க்கு வலியில்லை என்று கொள்ளற்க. அவர் அருகமர்ந்து, இரண்டு நிமிடம் அவர் வாயைத் துலக்கிவிடுக. உணவை நோவின்றி உண்பதும், சுரமின்றி மூச்சு விடுவதும் அவருக்கு அதனாற் கிட்டுமாயின், அவ்விரண்டு நிமிடமும் வீணாகா.